34567இல் தனலட்சுமி: திறந்து கிடந்த போர்ட்டுகளுக்குப் பின்னால் யார் என்று தேடிய அனுபவம்

34567 என்ற போர்ட்டுக்கு (நெட்வொர்க் வழியாக ஒரு மெஷினுக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) நேராகத் திரையில் ‘தனலட்சுமி’ என்று வந்திருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீஸ். தையல் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்தன. உள்ளே நான், கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், அவ்வளவுதான் ஆள். எந்த மெஷினில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் என்மேப் கருவியை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் கிடைத்த பட்டியலில்தான் இந்தப் பெயர் இருந்தது. அப்படி ஏதாவது சாஃப்ட்வேர் கம்பெனியில் உண்டா என்று கணக்குப் பிரிவு அக்காவுக்கு போன் போட்டே கேட்டுவிட்டேன். “அப்படி ஒண்ணும் இல்லீங்களே தம்பி. ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு தனலட்சுமி இருக்காங்க, அவங்களைக் கேக்கறீங்களா?” என்றார்.

இந்தத் தேடல் தொடங்கியதே ஒரு மெயிலால்தான். அந்தக் கம்பெனிக்கு இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்த மெயில் அது. உங்கள் ஐபி முகவரியிலிருந்து வெளியே உள்ள ஏராளமான முகவரிகளின் 23ஆம் போர்ட்டை ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது, மிராய் என்ற மால்வேர் வகைத் தொற்றாக இருக்கலாம், சரிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இப்படிப்பட்ட தகவல்களை இன்டர்நெட் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் அதை நமக்குத் தள்ளிவிடுவார்கள். எந்த மெஷின் என்பது மெயிலில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஐபிதானே தெரியும். உள்ளே எத்தனை பெட்டிகள் இருக்கின்றன, எதில் என்ன ஓடுகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு முன் அங்கே வேலை பார்த்தவர் விட்டுப்போனது வைஃபை பாஸ்வேர்டு எழுதிய ஒரு தாள் மட்டும்தான். சரி, முதலிலிருந்து தொடங்கலாம் என்று முதலாளியிடம் பேசினேன். ஸ்கேன் செய்யச் சம்மதம் என்று மெயிலில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. உரியவரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. நமக்குச் சம்பளம் கொடுக்கும் இடம்தானே என்ற நம்பிக்கை மட்டும் போதாது. ஸ்கேன் நேரத்தில் ஏதாவது மெஷின் நின்றுபோனால் அந்த ஒரு வரி மெயில்தான் நமக்குத் துணை.

தனலட்சுமிக்கு வருகிறேன். போர்ட் எண்களுக்கு 0 முதல் 65535 வரை இடம் உண்டு. எந்த எண் எந்த சர்வீஸுக்கு என்று ஐஏஎன்ஏ என்ற அமைப்பு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 1023 வரை பெரும்பாலும் எல்லோரும் மதித்து நடக்கிறார்கள். அதற்கு மேலே 49151 வரை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெயர் போட்டுக்கொள்ளலாம். 34567ஐ ஒரு காலத்தில் தனலட்சுமி என்ற பெயருள்ள இணைய முகவரியின் இடிஐ (கம்பெனிகளுக்கு இடையே வணிக ஆவணங்களை அனுப்பும் முறை) சேவைக்காகப் பதிந்திருக்கிறார்கள். என்மேப் தன்னிடம் உள்ள பெயர்ப் பட்டியலைப் பார்த்து அதை அப்படியே எழுதிவிட்டது. பட்டா தாத்தா பேரில் இருக்கும், வீட்டில் குடியிருப்பது வேறு யாரோவாக இருக்கும். அந்த மாதிரிதான். போர்ட் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பெயர் பட்டா. உள்ளே இருப்பது யார் என்று தெரிய வேண்டுமென்றால் கதவைத் தட்டிப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.

பேச்சுக் கொடுக்கும் வேலையைச் செய்வது என்மேப்பின் வெர்ஷன் கண்டறிதல், அதாவது சின்ன எஸ், பெரிய வி என்ற ஆப்ஷன். கோர்டன் லயன் 1997இல் என்மேப்பை வெளியிட்டபோது இது இல்லை, 2003இல் சேர்ந்தது. திறந்த போர்ட்டில் இணைந்து, முதலில் சும்மா காத்திருக்கும். எதிர்முனை தானாக ஏதாவது சொன்னால் அதைத் தன் பட்டியலோடு ஒப்பிடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு மொழியாகப் பேசிப் பார்க்கும். அதன் பிறகும் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி நின்றால், பேசிப் பார்த்தேன், புரியவில்லை, எண்ணை வைத்துத்தான் இந்தப் பெயரைச் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குறியைப் பார்க்காமல் கடந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் என்மேப் அடிக்கடி பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டும்தான் பார்க்கும். முந்தின வாரம் நான் அவசரமாக ஓட்டிய ஸ்கேனில் 34567 வரவே இல்லை. 65535 வரை பார்க்கச் சொன்ன பிறகுதான் வந்தது.

மொத்தம் 60 சொச்சம் பெட்டிகள். உள்ளே லாகின் செய்ய முடிந்தவற்றை முதலில் முடித்தேன். நாம் உள்ளே போகக்கூடிய மெஷினை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருப்பது நேர விரயம். அந்த மெஷினையே கேட்டுவிடலாம். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளை, அதோடு டி, யு, எல், பி, என். ரூட்டாக, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் எந்தப் போர்ட்டை எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடும். ரூட் இல்லாமல் ஓட்டினால் புரோகிராம் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விண்டோஸில் நெட்ஸ்டாட், அதோடு ஏ, பி, என், ஓ. இதற்கும் அட்மின் உரிமை வேண்டும். ஒரு விண்டோஸ் மெஷினில் 80ஆம் போர்ட்டுக்கு நேராக புராசஸ் எண் 4, ‘சிஸ்டம்’ என்று மட்டும் வந்தது. அதைப் பார்த்து வைரஸ் என்று பதறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் எச்டிடிபி வேலையைக் கெர்னலுக்குள் இருக்கும் ஒரு டிரைவர் செய்கிறது, அதனால்தான் அந்த 4. உண்மையில் யாருக்காகச் செய்கிறது என்பதை ‘நெட்எஸ்ஹெச் எச்டிடிபி ஷோ சர்வீஸ்ஸ்டேட்’ என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும்.

49664, 49665 என்று வரிசையாக வருபவை விண்டோஸின் சொந்த ஆர்பிசி சமாச்சாரங்கள். ஒருமுறை சரிபார்த்துக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

9000ஆம் போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மெஷின்களில் 9000 திறந்திருந்தது, இரண்டுக்கும் என்மேப் முதலில் ஒரே பெயரைத்தான் போட்டது: ‘சிஎஸ்லிசனர்’. முதல் மெஷின் கணக்குப் பிரிவு அக்காவுடையது. பிரவுசரில் அந்த முகவரியையும் 9000த்தையும் அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது: ‘டேலிபிரைம் சர்வர் இஸ் ரன்னிங்’. அவ்வளவுதான், ஆள் தெரிந்துவிட்டது. டேலிக்கும் வேறு சாஃப்ட்வேருக்கும் இடையே எக்ஸ்எம்எல் வழியாகக் கணக்கு விவரங்கள் போய்வரும் வாசல் அது. கம்பெனிக் கணக்கைக் கேட்டு வாங்கக்கூடிய வாசல் என்பதால், எல்லோருடைய மொபைலும் இணையும் வைஃபையிலிருந்து அது எட்டக்கூடிய தூரத்தில் இருக்கக் கூடாது. அன்றைக்கே ஃபயர்வாலில் இரண்டு முகவரிகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினேன்.

இரண்டாவது மெஷின் ஒரு லினக்ஸ் பெட்டி. பிரவுசரில் அடித்தால் ஒன்றும் வரவில்லை, இணைப்பு உடனே அறுந்தது. உள்ளே போய் எஸ்எஸ் ஓட்டினால் பிஎச்பி-எஃப்பிஎம், அதாவது பிஎச்பி நிரல்களை ஓட்டும் சர்வீஸ். அது ஃபாஸ்ட்சிஜிஐ என்ற மொழி பேசும். பிரவுசர் பேசும் எச்டிடிபி அதற்குப் புரியாது, அதனால்தான் மௌனம். அது 127.0.0.1இல் மட்டும், அதாவது அந்த மெஷினுக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. யாரோ 0.0.0.0, அதாவது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதைக் கேள் என்று மாற்றியிருந்தார்கள். அந்த வாசலை எட்ட முடிந்த எவரும் அந்த மெஷினில் தான் நினைத்த பிஎச்பி நிரலை ஓட்டிவிட வழி உண்டு. இங்கே இரண்டு பெட்டிகளுக்கும் எண் ஒன்று, பட்டியலில் பெயர் ஒன்று. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வேறு, ஆபத்தும் வேறு. எஸ்எஸ், நெட்ஸ்டாட் வெளியீட்டில் போர்ட் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் அந்த முகவரியையும் கட்டாயம் பாருங்கள். பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே போக முடியாத பெட்டிகளுக்கு வேறு வழி. இதற்கு எனக்கு மிகவும் உதவியது ஒரு எளிய கேள்வி: இணைந்ததும் முதலில் பேசுவது யார்? ஒரு போர்ட்டோடு நேரடியாகப் பேச உதவும் நெட்கேட் கருவியில் இணைந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பத்து நொடி காத்திருங்கள். எஸ்எஸ்ஹெச், எஃப்டிபி, எஸ்எம்டிபி, மைஎஸ்கியூஎல் எல்லாம் தாமாகவே முதலில் வாய் திறக்கும். எஸ்எஸ்ஹெச் தன் வெர்ஷனையே சொல்லித்தான் பேச்சைத் தொடங்கும். எச்டிடிபி, டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு), போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாம் நாம் பேசும் வரை காத்திருக்கும். ரெடிஸ் என்று சந்தேகம் வந்தால் ‘பிங்’ என்று அனுப்பினால் போதும், பாஸ்வேர்டு வைக்காவிட்டால் ‘பாங்’ என்று பதில் வரும்.

ஒரு பெட்டி நான் சாதாரண எழுத்தில் அனுப்பியதற்கு வெறும் ஏழு பைட் பதில் சொன்னது: 15 03 01 00 02 02 46. முதலில் குப்பை என்றுதான் நினைத்தேன். 15 என்றால் டிஎல்எஸ் எச்சரிக்கை, 03 01 அதன் பதிப்பு, 00 02 பின்னால் வரும் நீளம், 02 என்றால் கடுமையான பிழை, கடைசி பைட் காரணம். அதாவது, நான் டிஎல்எஸ் பேசுகிறவன், நீ பேசுவது எனக்குப் புரியவில்லை என்று அது ஒழுங்காகவே சொல்லியிருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்து மறுபடி இணைந்தேன். சான்றிதழ் கிடைத்தது, அதற்குள்ளேயே சாதனத்தின் மாடல் பெயர். இந்த முதல் இரண்டு மூன்று பைட்டுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிறைய ‘தெரியாத சர்வீஸ்’கள் இதில் தெரிந்துவிடும்.

பேனர், அதாவது இணைந்ததும் சர்வீஸ் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி, சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு டேட்டாபேஸ் 5.5.5 என்று தொடங்கும் வெர்ஷனைச் சொன்னது. பழைய மைஎஸ்கியூஎல், உடனே மாற்ற வேண்டும் என்று எழுதப்போனேன். முழுதாகப் படித்தால் 5.5.5-10.6. மரியாடிபி 10ஆம் வரிசை, பழைய மைஎஸ்கியூஎல் கருவிகளோடு ஒத்துப்போவதற்காக முன்னால் அந்த 5.5.5ஐ ஒட்டிக்கொள்ளும். உண்மையான வெர்ஷன் ஹைஃபனுக்குப் பின்னால்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். 9100 முதல் 9107 வரையான போர்ட்டுகளை என்மேப் வெர்ஷன் கண்டறிதலில் தானாகவே ஒதுக்கிவிடும். எதையும் விடக் கூடாது என்று நினைத்து அந்த விலக்கையும் நீக்கி ஓட்டினேன். 9100 என்பது பிரிண்டர்கள் நேரடியாக அச்சுக்கு வாங்கும் போர்ட். அங்கே எது வந்தாலும் அச்சடிப்பதுதான் அதன் வேலை. டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த லேசர் பிரிண்டர், என்மேப் அனுப்பிய ஒவ்வொரு விசாரிப்பையும் ஒரு தாளில் அடித்துத் தள்ளியது. செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்து “தம்பி, மெஷின் தானா ஓடுதுங்க” என்றார். தாள் போனதோடு முடிந்தது. அதுவே மறுநாள் ஷிப்மென்ட் நேரமாக இருந்து, லேபிள் அடிக்கும் பிரிண்டராகவும் இருந்திருந்தால் பெரிய சேதம். கருவி ஒன்றை வேண்டாம் என்று தானாக ஒதுக்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு மாற்றுவதுதான் முறை. நான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் பிரிண்டர், வருகைப்பதிவு மெஷின் போன்றவற்றை முதலில் முகவரி பார்த்துத் தனியே எடுத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு மீதி இருந்தது தனலட்சுமி உட்பட மூன்றே பெட்டிகள்.

34567இல் நெட்கேட் வைத்துக் காத்திருந்தேன், பேச்சில்லை. எச்டிடிபி பேசினேன், பதில் இல்லை. டிஎல்எஸ், அதற்கும் இல்லை. மேக் முகவரி, அதாவது தயாரிப்பாளர் நெட்வொர்க் கார்டுக்குக் கொடுக்கும் எண், அதன் முதல் மூன்று பைட்டை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடினேன், எதிலும் பதிவாகாத எண். அதே பெட்டியில் 80, 554, 23 மூன்றும் திறந்திருந்தன. 554 என்றால் பெரும்பாலும் வீடியோ ஓடும் ஆர்டிஎஸ்பி. இது கேமரா சம்பந்தப்பட்டது என்ற வாடை அங்கேதான் அடித்தது.

அப்போதுதான் எதிர்முனையிலிருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு சர்வீஸ் யாரென்று தெரியாவிட்டால், அதோடு பேசுகிறவர் யார் என்று பாருங்கள். ஆபீஸ் மெஷின்களில் நெட்ஸ்டாட் எடுத்து வைத்திருந்தேன் இல்லையா, அவற்றில் 34567ஐத் தேடினேன். டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று அந்தப் பெட்டியோடு இணைப்பில் இருந்தது. புரோகிராம், கேமரா பார்க்கும் ஒரு பழைய சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானே தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில், நெட்வொர்க்கில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். முதல் பாக்கெட்டிலேயே படிக்கக்கூடிய எழுத்தில் லாகின் விவரம்: ‘டிவிஆர்ஐபி-வெப்’ என்று லாகின் வகை, ‘அட்மின்’ என்று பயனர் பெயர். கேமரா வீடியோவைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிகள் பலவற்றில் ஓடும் நெறிமுறை அது. தனலட்சுமி யாரென்று தெரிந்துவிட்டது.

பெட்டி எங்கே இருக்கிறது? ஸ்விட்சின் மேக் பட்டியலில் 14ஆம் போர்ட் என்று இருந்தது. அந்தக் கேபிள் சுவரைத் துளைத்துப் பின்பக்கம் போனது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அது பழைய குடோன் கேமரா பெட்டிங்க தம்பி. புதுசு மாட்டினப்புறம் அதை யாரும் பாக்கறதே இல்லைங்க” என்றார். துணி மூட்டைகளுக்குப் பின்னால், தூசி படிந்த ஒரு டிவிஆர், பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. பல மணி நேரம் நான் தேடியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் ஸ்கேன் தொடங்கும் முன் செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன், ஸ்டோர்கீப்பர் மூவரிடமும் பத்து நிமிடம் பேசிவிடுகிறேன்.

இனி அந்த 23. என்மேப் அதற்கு ‘டெல்நெட்’ என்று எழுதியிருந்தது, அங்கேயும் ஒரு கேள்விக்குறி. டெல்நெட் என்பது நெட்வொர்க் வழியாக ஒரு மெஷினுக்குள் லாகின் செய்யும் பழைய முறை, இணைந்ததும் லாகின் கேட்க வேண்டும். இது இணைப்பை ஏற்றுக்கொண்டு ஊமையாக நின்றது. 2016 ஆகஸ்டில் தெரியவந்த மிராய், தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை டெல்நெட்டில் போட்டுப் பார்த்துத்தான் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அதே வருடம் அக்டோபர் 21இல் டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும்) சேவையைத் தாக்கி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திறக்காமல் போனது இதனால்தான். அதன் மூல நிரல் வெளியே வந்துவிட்டது, அதில் ஒரு வழக்கம் தெளிவாக இருக்கிறது: பெட்டிக்குள் நுழைந்ததும் 23ஐப் பிடித்திருக்கும் புரோகிராமைக் கொன்றுவிட்டு, அது மறுபடி எழுந்து வராதபடி தானே அந்தப் போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். திறந்த போர்ட், ஆனால் பேச்சில்லை.

ரவுட்டரைப் பார்த்தேன். கேமரா மாட்டியவர், வெளியூரிலிருந்து மொபைலில் பார்க்க வசதியாக, அந்த டிவிஆரை டிஎம்இசட்டில் போட்டிருந்தார். அதாவது வெளியிலிருந்து எந்தப் போர்ட்டைத் தட்டினாலும் இந்தப் பெட்டியில் போய் விழும். முதலில் அதை நீக்கினேன். இந்த வரிசை முக்கியம். மிராய் நினைவகத்தில் மட்டும்தான் வாழும், கரண்டை நிறுத்திப் போட்டால் போய்விடும். வழியை அடைக்காமல் நிறுத்திப் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். அப்புறம் டிவிஆரின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுப் போட்டேன். மறுபடி 23இல் இணைந்தேன்.

உடனே வந்தது: ‘லாகின்:’.

முதுகு சிலிர்த்தது. ஒரே போர்ட், ஒரே எண், ஆனால் பத்து நிமிடத்துக்கு முன் அதில் உட்கார்ந்திருந்தது வேறு ஆள். இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் திரையில் மாற்றும் பாஸ்வேர்டு வேறு, டெல்நெட் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்ற வழியே இருக்காது. அதனால் பாஸ்வேர்டு மாற்றி அதை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு, முதலாளியிடம் சொல்லி அந்த டிவிஆரையே கழற்றினோம். புதிய கேமராக்களைத் தனி விலேனில், அதாவது மற்றவற்றோடு கலக்காத தனி நெட்வொர்க் பகுதியில் போட்டேன். இன்டர்நெட் நிறுவனத்திலிருந்து அதன் பிறகு மெயில் வரவில்லை.

யுடிபி என்ற இன்னொரு வகைப் போர்ட்டுகளை அந்த ஞாயிற்றுக்கிழமை தொடவில்லை. பதில் வராவிட்டால் திறந்திருக்கிறதா, ஃபயர்வால் மறைக்கிறதா என்றே சொல்ல முடியாது. மூடியிருக்கிறது என்ற பதிலை லினக்ஸ் நொடிக்கு ஒன்றுதான் அனுப்பும், ஒரு மெஷினை முழுதாகப் பார்க்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் 53, 161, 1900, 5353 போல முக்கியமான சிலவற்றை மட்டும் பின்னொரு நாள் பார்த்தேன்.

எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முகவரி, போர்ட், என்மேப் சொன்ன பெயர், உண்மையில் அது பேசியது, பிடித்திருக்கும் புரோகிராம், பொறுப்பாளர் யார், பார்த்த தேதி. என்மேப் சொன்னதையும் நான் கண்டதையும் ஒரே கட்டத்தில் எழுதுவதில்லை. மாதம் ஒருமுறை ஓட்டி, என்டிஃப் என்ற கருவியை வைத்துப் பழையதோடு ஒப்பிடுகிறேன், புதிதாக முளைத்தது மட்டும் தெரியும்.

அந்த ஷீட்டில் இன்னும் ஒரு வரி முடியவில்லை. 502ஆம் போர்ட். அது பேசுவது மோட்பஸ், தொழிற்சாலைக் கருவிகளின் மொழி. மோட்பஸுக்கு பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது, தவறாக ஒன்றை எழுதி அனுப்பினால் எதிரே இருக்கும் மெஷின் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு செய்துவிடும். அதனால் அதற்கு மேல் நான் எதுவும் அனுப்பவில்லை. மொழி தெரிகிறது, ஆள் தெரியவில்லை. கேபிள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறி ஏர் கம்ப்ரசர் ரூம் பக்கம் போகிறது, ஈபி மீட்டர் பேனலும் அதே பக்கம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.